சீட் விஷயமாகப் பேச ஒன்றை அழுத்தவும்

எங்கள் கம்பெனி தயாரித்த முதல் செயலி, என் அப்பாவின் மனநலம் மிகச் சிறப்பாக இருக்கிறது என்று சொல்லி, பக்கத்தில் ஒரு சூரியகாந்திப் பூவையும் காட்டியது. அவருடைய மனசு சரியில்லை என்பதற்காகத்தான் நான் பெங்களூர் வேலையை விட்டுவிட்டு வந்து அந்தச் செயலியையே உண்டாக்கியிருந்தேன்.

அம்மா இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அப்பா இராஜபாளையத்தில் நூற்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மில் இரைச்சலுக்குள் பேசிப் பழகியவர்களுக்கு மெதுவாகப் பேச வராது. வீட்டில் அவர் உப்பு கேட்டால் எதிர்வீட்டில் எடுத்து வைப்பார்கள். அம்மாவோடு அவர் கொஞ்சுவது சண்டை மாதிரி இருக்கும், சண்டை கலவரம் மாதிரி இருக்கும். அந்தக் குரல் அம்மாவோடு போய்விட்டது. போட்டதைச் சாப்பிடுவார், குளிக்கச் சொன்னால் குளிப்பார், டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார். டிவி பல நேரம் அணைந்தே இருக்கும். அம்மா என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. "என்னப்பா செய்யுது?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல" என்பார். இப்படியே விட்டால் இவரும் போய்விடுவார் என்று எனக்குப் பயமாக இருந்தது. பயம் வந்தால் எனக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் லேப்டாப்பைத் திறப்பேன். கம்பெனி ஆரம்பித்த கதை அவ்வளவுதான்.

கூட்டாளி என் பள்ளித் தோழி. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. சைக்காலஜி படித்து மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆலோசகராக இருந்தவள். எங்கள் பக்கத்தில் மனசு சரியில்லை என்றால் மதுரைக்குத்தான் போக வேண்டும். போகிற ரயிலில் பக்கத்து வீட்டுக்காரர் கட்டாயம் இருப்பார். அவர் எங்கே போகிறீர்கள் என்று கட்டாயம் கேட்பார். கண் ஆஸ்பத்திரிக்கு என்று சொல்ல வேண்டும். அப்படிக் கண் நன்றாகத் தெரிகிறவர்கள் எத்தனையோ பேர் எங்கள் ஊரிலிருந்து கண் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள் என்பது அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ரயில் ஏறாமல் வீட்டிலிருந்தே பேசுகிற மாதிரி ஒன்று செய்தால் என்ன என்று யோசித்தோம். அதில்தான் சூரியகாந்தி பூத்தது.

கேள்விகளைத் தமிழில் எழுதியது நான். நல்ல தமிழில் எழுத வேண்டும் என்று ஒரு வெறி இருந்தது. "அண்மைக் காலத்தில் எதிலும் நாட்டமின்மையை உணர்ந்தீர்களா?" என்பது முதல் கேள்வி. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

"நாட்டாமையா? நம்ம தெருவுல நாட்டாமை ஏதுட்டி?"

"நாட்டாமை இல்லப்பா. நாட்டமின்மை. எதுலயும் ஆசை இல்லாம இருக்கதா."

"அப்படிக் கேக்க வேண்டியதான? நான் என்னமோ எலெக்சன்னு நெனச்சேன்."

பிறகு பெருவிரலை வைத்து எல்லாக் கேள்விக்கும் முதல் பதிலைத் தட்டிக்கொண்டே போனார். முதல் பதில் 'ஒருபோதும் இல்லை'. கட்டைவிரலுக்கு அதுதான் பக்கத்தில் இருந்தது. கடைசியில் வாழ்த்துகள் என்று எழுத்து வந்து, பூவும் வந்தது. போனை என் மூஞ்சிக்கு நேராக நீட்டினார்.

"பாத்தியா? ஒங் கம்ப்யூட்டரே சொல்லிட்டு. இனி என்னைப் போட்டு நச்சரிக்கப்பிடாது."

நானே உழைத்து, நானே எழுதி, என் அப்பாவுக்கு நானே தப்பிக்க வழி செய்து கொடுத்திருந்தேன். தோழி அன்றைக்குச் சிரித்த சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

செயலியைத் தூக்கிப் போட்டோம். நம் ஆட்கள் தட்ட மாட்டார்கள், பேசுவார்கள் என்றாள் தோழி. ஒரு எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் பதிவுசெய்த குரல் கூப்பிடும். இதற்கு ஒன்றை அழுத்தவும், அதற்கு இரண்டை அழுத்தவும் என்று சொல்லும். அழுத்தினால் ஆலோசகரிடம் இணைக்கும். அழைக்கிறவர் பெயர் எங்களுக்கு வேண்டாம். எண் திரையில் தெரியாது. பேசியது ஆலோசகரைத் தாண்டி யாருக்கும் போகாது, முதலாளியான எனக்கும் சேர்த்துத்தான். இந்த விதியைப் போட்டவள் தோழி. அதற்கான மென்பொருளைப் பூட்டுப் போட்ட மாதிரி எழுதியவள் நான். எழுதியபோது பெருமையாகத்தான் இருந்தது.

அலுவலகத்துக்கு பேண்டேஜ் துணி அடுக்கி வைக்கிற கிட்டங்கி ஒன்றின் மாடியில் ஓர் அறை கிடைத்தது. வீட்டுக்கார அம்மா வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். தமிழும் நன்றாகப் பேசுவார், கோபம் வந்தால் மட்டும் தாய்மொழிக்குப் போவார். 'மனநல மையம்' என்று நாங்கள் அடித்து வந்த போர்டைப் பார்த்ததும் தெலுங்குக்குப் போய்விட்டார்.

"எந்துக்கம்மா இது? எம் மகளுக்கு மாப்பிள்ள பாத்துக்கிட்டிருக்கேன். பொண்ணு பாக்க வாரவுக கீழ நின்னு அண்ணாந்து பாப்பாக. இந்த போர்டப் பாத்தா வண்டியத் திருப்பிருவாக. மனசு, மூளை, மெண்டல் இந்த வார்த்தையெல்லாம் எங் கட்டடத்துல வரப்பிடாது."

"அப்ப வேற என்னக்கா போடுறது?"

"என்னமும் போடுங்க. கௌரவமா இருக்கணும்."

தோழி ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, 'கவுன்சிலிங் சென்டர்' என்று போடலாம் என்றாள். எதையும் பேசலாம், முதல் தடவை இலவசம் என்று கீழே ஒரு வரி. வீட்டுக்கார அம்மாவுக்கு ரொம்பத் திருப்தி. எங்களுக்கும் திருப்தி. போர்டை மாட்டினோம், ஆட்டோக்களின் முதுகில் நோட்டீஸ் ஒட்டினோம்.

அந்த வாரம்தான் பிளஸ் டூ ரிசல்ட் வந்தது.

தமிழ்நாட்டில் கவுன்சிலிங் என்றால் என்ன என்று பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இன்ஜினியரிங் சீட்டுக்கு மதிப்பெண் வரிசையில் உட்கார்ந்து காலேஜ் எடுப்பது. நானே அப்படி ஒரு கவுன்சிலிங்கில் சீட் வாங்கித்தான் படித்தேன். எம்.எஸ்சி. படித்த தோழிக்கும் அது தோன்றவில்லை, பெங்களூர் போய் வந்த எனக்கும் தோன்றவில்லை. மறுநாள் காலையில் அவள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து இறங்கியபோது மாடிப்படி முழுக்க ஆட்கள். எல்லார் கையிலும் மார்க் ஷீட் ஜெராக்ஸ். எங்கள் சேவைக்கு இவ்வளவு தேவை இருக்கிறது என்று நினைத்து, ஒவ்வொருவருக்கும் கும்பிடு போட்டுக்கொண்டே படியேறினாளாம்.

முதலில் உள்ளே வந்தவர் கூமாப்பட்டி விவசாயி. தோழி படித்த முறைப்படி, மென்மையாக, அவர் கண்ணைப் பார்த்து ஆரம்பித்தாள்.

"சொல்லுங்கண்ணே, ஒங்க மனசுல என்ன இருக்கு?"

"என் மனசுல மெக்கானிக்கல்தாம்மா இருக்கு. எம் மவன் மனசுல கம்ப்யூட்டர் இருக்கு."

அடுத்து வந்தவர் மில்லில் வேலை பார்க்கிற அம்மா. தூக்கம் எப்படி வருகிறது என்று கேட்டாள். "கட்ஆஃப் தெரிஞ்ச அன்னைக்கே அது போயிட்டு" என்றார் அவர். வாய் விட்டுப் பேசுகிற ஆள் வீட்டில் யார் என்று கேட்டதற்கு, "எல்லாரும் பேசுதாக. ஒருத்தரும் கேக்கதுதான் இல்ல" என்று சொல்லிவிட்டு, மார்க் ஷீட்டை மடியில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். மகளுடைய கட்ஆஃப் நன்றாகத்தான் இருந்தது. அவர் அழுதது வேறு எதற்கோ. தோழி கதவைச் சாத்தினாள்.

போர்டைக் கழற்றிவிடலாம் என்று நான் சாயங்காலம் சொன்னேன். அவள் வேண்டாம் என்றாள்.

"இவுகள்ல பாதிப்பேரு சீட்டுக்கு வரலட்டி. சீட்டச் சொல்லிட்டு வாராக. கண் ஆஸ்பத்திரிக்குப் போனாகல்லா, அது மாதிரி."

ஆனால் நிஜமாகவே சீட்டுக்கு வருகிறவர்களை யார் சமாளிப்பது? அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அப்பாவைக் கூட்டி வந்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். வருகிறவர்களுக்கு விவரம் சொல்லி, இணையத்தில் எங்கே பார்க்க வேண்டும் என்று காட்டி அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் வேலை. நாலு பேரைப் பார்த்தால் வாய் திறப்பார் என்பது என் கணக்கு.

திறந்தார். மடை திறந்த மாதிரி திறந்தார். வந்தவர்கள் எல்லாரையும் டெக்ஸ்டைல் எடுக்கச் சொன்னார். கட்ஆஃப் கூடினவனுக்கும் டெக்ஸ்டைல், குறைந்தவனுக்கும் டெக்ஸ்டைல். பயாலஜி படித்துவிட்டு நர்சிங் பற்றிக் கேட்க வந்த பெண்ணிடம் டெக்ஸ்டைலிலும் பேண்டேஜ் வரும் என்றார். பழைய மில் குரல் திரும்பிவிட்டது. உள்ளே தோழி யாருக்கோ மூச்சை மெதுவாக இழுத்து விடச் சொல்லிக்கொண்டிருக்கும்போது வெளியே, "நூல் நூக்குத ரிங் பிரேம்னா என்னன்னு தெரியுமாடே ஒனக்கு?" என்று அதட்டல் கேட்கும். மூச்சை இழுத்தவர் விட மறந்துவிடுவார். தோழி என்னை முறைப்பாள். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. என் காதுக்கு அது அவ்வளவு நன்றாக இருந்தது.

ஒரு நாள் ஒருவர் அவரை மடக்கினார். "அண்ணாச்சி, நானும் மில்லுலதான் இருந்தேன். ஆளக் கொறைச்சு வீட்டுக்கு அனுப்பிட்டாவ. நீங்க எந்தக் காலத்துல இருக்கீய?" அப்பா சண்டைக்குப் போயிருந்தால் நான் சந்தோஷப்பட்டிருப்பேன். எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, வீட்டுக்கு நடந்தார். மறுநாள் கூப்பிட்டேன். வரவில்லை. அதற்கு அடுத்த வாரம் டீக்கடைக்குப் போவதும் நின்றது. சாப்பாட்டில் பாதி தட்டிலேயே இருந்தது. ஊரையெல்லாம் பேச வைக்கக் கம்பெனி நடத்துகிறவள் வீட்டில் சத்தமே இல்லை.

"நீயே அவியகிட்ட ஒரு தடவ பேசிப் பாரு" என்று தோழியிடம் கெஞ்சினேன்.

"அவியளா வராம நான் போய்ப் பேசினா அது விருந்தாளி வந்த மாதிரி. காப்பி குடிக்கியாம்மான்னு கேட்டுட்டு எந்திரிச்சிருவாக."

"அப்ப நான் என்னதான் செய்ய?"

"நீ கேக்கத நிறுத்து. ஒங்கிட்ட பேசணும்னா அவிய மொதல்ல அப்பாவா இருக்கணும்லா? அம்புட்டையும் தூக்கி வச்சுக்கிட்டு எப்படிப் பேசுவாக?"

எனக்குச் சுருக்கென்றது. நான் கேட்காமல் யார் கேட்பார்கள் என்று சண்டை போட்டேன். அவள் ஐந்தரை மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

இதற்கிடையே அட்மிஷன் காலம் முடிந்தது. எங்கள் பதிவுக் குரலில், சீட் விஷயமாகப் பேச ஒன்றை அழுத்தவும், மற்ற விஷயங்களுக்கு இரண்டை அழுத்தவும் என்று இருந்தது. சீட்டு என்று சொன்னால் ஏலச்சீட்டு நடத்துகிறோம் என்று நினைத்துவிடுவார்கள் என்பதால் 'சீட்' என்று கடித்துப் பேசிப் பதிவு செய்திருந்தேன். காலேஜ்கள் திறந்து, பிள்ளைகள் போய்ச் சேர்ந்து, முதல் பரீட்சையும் எழுதிவிட்டார்கள். ஒன்றை அழுத்துகிறவர்கள் குறையவே இல்லை. இரண்டை அழுத்த ஆள் இல்லை. ஐப்பசி மழையில் ஒருவர் சீட் விஷயமாகக் கூப்பிடுகிறார். தோழியும் சீட் விஷயமாகவே ஆரம்பிப்பாள். எந்தப் பிரிவு, எந்த ஊர் என்று ஒரு நிமிடம் பேசிய பிறகு, "பொறவு, இன்னொரு விசயம்..." என்று அந்தப் பக்கம் குரல் இறங்குமாம். வீட்டில் மற்றவர்கள் காதில் விழுந்தாலும் சீட் பற்றிப் பேசுகிறார் என்று இருக்கும். பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம், "ரொம்ப முடியலன்னா சீட்டுக்குப் பேசுட்டி" என்று சொன்னதை என் காதாலேயே கேட்டேன்.

பெங்களூரில் ஒரு வழிகாட்டி இருந்தார். புதிய கம்பெனிகளுக்கு யோசனை சொல்கிறவர். வீடியோ காலில், எந்த எண்ணை எத்தனை பேர் அழுத்தினார்கள் என்ற எங்கள் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, இந்தச் சீட் பிரிவை மூடிவிட்டு மனநலத்தில் கவனம் செலுத்துங்கள் என்றார். சீட் பிரிவுதான் மனநலம் என்று விளக்கினேன். அப்படியானால் இரண்டாம் எண் எதற்கு என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஒன்றாம் எண்ணுக்கு ஒரு மறைப்பு வேண்டாமா என்று தோழி சொன்னதை அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மில்காரர்களுக்கு வார விடுமுறை என்பதால் அன்றைக்குத்தான் அழைப்பு அதிகம், தோழி ஸ்ரீவில்லிபுத்தூரில் தன் வீட்டிலிருந்தே பேசுவாள். நான் சமையலறையில் தோசைக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அப்பா தன் அறையில் இருந்தார். கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. அவர் போன் அடித்தது. எடுத்தார். மிஸ்டு காலுக்குத் திரும்பக் கூப்பிடுகிற பதிவுக் குரல் பேசுவது மெலிதாகக் கேட்டது. அது என் குரல். சீட் விஷயமாகப் பேச ஒன்றை அழுத்தவும்.

அப்பா அழுத்தினார். அப்புறம், தெருவுக்கே கேட்கிற மாதிரி, அந்த மில் குரலில் ஆரம்பித்தார்.

"வணக்கம்மா. நான் செட்டியார்பட்டியில இருந்து பேசுதேன். ஒரு சீட் விசயமா."

என் கையில் இருந்த தேங்காய்மூடி அப்படியே நின்றது. அவருடைய குரலை இராஜபாளையத்தில் யாருக்கு அடையாளம் தெரியாது? அதிலும் ஒரு சீசன் முழுக்க அந்தக் குரலோடு போராடினவள் தோழி. அவள் என்ன சொன்னாளோ தெரியவில்லை. அப்பா தொடர்ந்து பக்கத்து ஊர் செட்டியார்பட்டிக்காரராகவே இருந்தார்.

"பொம்பளப் பிள்ளதாம்மா. ஆமா, ஒரே பிள்ள... இல்லல்ல, படிப்பெல்லாம் முடிச்சுட்டா... இப்பம் என்னமோ கம்பெனி வச்சிருக்கா."

படிப்பு முடித்த பிள்ளைக்கு என்ன சீட் என்று உலகத்தில் யாராக இருந்தாலும் கேட்டிருப்பார்கள். தோழி கேட்கவில்லை போலிருக்கிறது. அப்பா கட்டிலில் உட்காருகிற சத்தம் கேட்டது. பிறகு அப்பா சொன்னார்.

"வீட்டுல அவ அம்மா இல்லம்மா."

அந்த ஒரு வாக்கியத்துக்காக ஒன்றரை வருடம் காத்திருந்தேன். வேலையை விட்டேன், செயலி எழுதினேன், பூ வைத்தேன், போர்டு மாட்டினேன். அடுத்த வாக்கியம் வரப்போகிறது என்று தெரிந்தது. கேட்க வேண்டும் என்று எனக்கு இருந்த ஆசையைச் சொல்லி முடியாது. கதவு நாலு எட்டில் இருந்தது, அதுகூட வேண்டாம், அவர் குரலுக்கு நான் நின்ற இடமே போதும்.

தேங்காயை ஜாரில் போட்டு மிக்ஸியைத் திருகினேன்.

அது எப்படிப்பட்ட மிக்ஸி என்றால், போட்டால் அதே அறையில் நிற்கிறவர் பேசுவது கேட்காது. தேங்காய் அரைந்தது. பொரிகடலையைப் போட்டேன், அரைந்தது. மிளகாய், உப்பு, அப்புறம் போட ஒன்றுமில்லாமல் தண்ணீர். நிறுத்தினால் குரல் கேட்கும் என்பதால் ஓட்டிக்கொண்டே இருந்தேன். சட்னி பாலாகி, பால் நுரையாகி, மோட்டார் கருகுகிற வாடை வந்தது. ஒரு கையால் மூடியை அழுத்திக்கொண்டு மறு கையால் கண்ணைத் துடைத்தேன். மிளகாய்க் கை. அதனால் அன்றைக்கு நான் அழுததில் எவ்வளவு அப்பாவுக்கு, எவ்வளவு மிளகாய்க்கு என்று எனக்கே தெரியாது.

ரொம்ப நேரம் கழித்து அப்பா வெளியே வந்தார். முகம் கழுவியிருந்தார். என் கண்ணைப் பார்த்தார், மிக்ஸியைப் பார்த்தார். தோசை போடச் சொன்னார். அந்தத் தண்ணீர்ச் சட்னியைத் தொட்டுக்கொண்டு போட்டதெல்லாம் சாப்பிட்டார். நான் எதுவும் கேட்கவில்லை. அந்தச் சாப்பாட்டு நேரத்தில் என் வாயைக் கட்டி வைத்ததுபோல் வாழ்க்கையில் வேறு எதையும் நான் கட்டுப்படுத்தியதில்லை.

திங்கட்கிழமை தோழி பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் போய் நின்றேன்.

"என்னட்டி சொன்னாக?"

"யாரு?"

"யாரா? நேத்து பேசினாகல்லா."

"நேத்து நெறையப் பேரு பேசினாக" என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறினாள். இந்த ஊரில் அவளை விடக் கல்நெஞ்சக்காரி கிடையாது என்று நினைத்தேன். படியேறி அவள் பின்னாலேயே போய், அவளுக்கு ஒரு டீ சொன்னேன். இரண்டு பேரும் ஜன்னலோரம் நின்று குடித்தோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் குழம்புக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அப்பா போனை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனவர், வாசலில் நின்று திரும்பினார்.

"ஏட்டி, செத்த நேரம் அந்த மிக்ஸியப் போடு" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.